கடைசி முறைத் தண்ணீர்

கவலைச் சாலின் தோல் வாலை மடித்து, கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள் சொக்கம்மாள். ஒரு சொட்டுகூட ஒழுகாது என்று இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு, இரும்பு வளையத்தைப் பிடித்துத் தரதரவென்று வரப்போடு இழுத்துக்கொண்டு எஞ்சின் கொட்டகைப் பக்கம் நடந்தாள். பங்குனி மாதத்து உச்சிவெயில். மார்கழிவரை இரண்டு மாடுகள் கட்டி இழுக்க, கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீர் மொண்டு வந்து தொட்டியில் கொட்டிய சால் அது. எஞ்சின் வந்ததிலிருந்து புங்கமரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. காலையிலும் ஒரு தரம் அதை இழுத்துக்கொண்டு போனாள், இப்போது மறுபடியும் போகிறாள். எதற்கென்று அவள் புருஷன் வேதாசலத்துக்கு விளங்கவில்லை. மரத்தடியில் கூழ் குடித்துக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இன்னாடி பண்ற? ஊரு சிரிக்கப் போவுது. பஞ்சாட்சரம் அண்ணன் காதுல வியுந்தா இன்னா நெனப்பாரு?"

"இன்னா வேணா நெனைக்கட்டும். நீ கூயக் குடி."

சந்தேகம் சொக்கம்மாளுக்குக் கூடப் பிறந்த குணம். உத்திரமேரூர்ச் சந்தையில் எண்ணெய் வாங்கினால், அளக்கிற குவளையின் அடி உள்ளே ஒடுங்கியிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் ஏனத்தை நீட்டுவாள். மூத்தது பிறந்தபோது, 'பொண்ணு' என்று மருத்துவச்சி சொன்னாள். அந்த வலியிலும் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள். வேதாசலம் இதற்கு நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் 'அப்டியா' என்று வாயைத் திறந்துகொண்டு கேட்கிற ஆசாமி. இந்த இரண்டு பேரையும் ஒரே நுகத்தில் பூட்டினவர்களைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கிணறு மூன்று பேருக்குப் பொது. பெரிய பங்காளி பஞ்சாட்சரத்துக்குப் பாதி. மீதிப் பாதியில் வேதாசலத்துக்கு ஒரு பங்கு, சித்தப்பன் மகன் வீராசாமிக்கு ஒரு பங்கு. வீராசாமி மெட்ராஸில் மில் வேலைக்குப் போய்விட்டதால் அவன் பங்கை அவன் பெண்டாட்டி முனியம்மாள்தான் பார்த்துக்கொண்டாள். மாடு கட்டிக் கவலை ஓட்டிய காலத்தில் சண்டை சச்சரவு இல்லாமல் இருந்ததற்குக் காரணம், எல்லாம் சால் கணக்கு. பெரியவருக்கு இருநூறு சால், இவர்கள் இரண்டு வீட்டுக்கும் நூறு நூறு. சேரி ஏசுதாஸ்தான் மூன்று பேருக்கும் மாடு ஓட்டுவான். ஒவ்வொரு சால் கொட்டும்போதும் உரக்க எண்ணுவான், மூன்று வயலிலும் கேட்கும்.

நயா பைசா வந்த மறு வருஷம் தை மாதத்தில் பஞ்சாட்சரம் குருடாயில் எஞ்சின் வாங்கி வந்து கிணற்று மேட்டில் இறக்கினார். ஏசுதாஸைப் பத்து நாள் மதுராந்தகத்துக்கு அனுப்பி, ஓட்டவும் கற்றுக்கொள்ளச் செய்தார். அவரவர் முறைக்கு அவரவர் எண்ணெய் ஊற்றிக்கொள்ள வேண்டும். சால் கணக்கு போய் மணிக் கணக்கு வந்தது. காலை ஆறிலிருந்து பத்துவரை அவருக்கு, பத்திலிருந்து பன்னிரண்டு முனியம்மாளுக்கு, பன்னிரண்டிலிருந்து இரண்டு சொக்கம்மாளுக்கு. பாதிக்கு நாலு மணி, காலுக்கு இரண்டு மணி. இதில் யார் என்ன குறை சொல்ல முடியும்? மூன்று பேருமே எஞ்சினை நம்பி, கேழ்வரகு போடுகிற மேட்டு நிலத்திலும் அந்த வருஷம் நவரை நெல் நட்டார்கள். நட்ட அன்றைக்கே பஞ்சாட்சரம் வேதாசலத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரு பேச்சுப் பேசினார். "இந்த ஒரு போகம் பாருடா. கட்டுப்படி ஆவலன்னா கெணத்துப் பங்க எனக்கு எய்திக் குடுத்துடு. மேட்டு நெலத்தையும் நானே சேத்துப் பயிர் வெச்சிக்கிறேன். வருசா வருசம் ஒனக்கு நெல்லு அளந்துடறேன், நீ நிம்மதியா இரு." வேதாசலம் 'சரிண்ணா' என்றுவிட்டார். அன்றைக்கு ராத்திரி சொக்கம்மாளுக்குத் தூக்கம் போனதுதான், இன்னும் வரவில்லை.

முதல் மாதம் நன்றாகத்தான் போயிற்று. கதிர் வெளிவந்து பால் பிடிக்கிற சமயம் பார்த்துக் கடைமடை வெடிக்க ஆரம்பித்தது. இரண்டு மணி நேரம் பாய்ச்சியும் தண்ணீர் கடைசி மூன்று பாத்திக்கு எட்டவில்லை. அந்தப் பக்கம் பஞ்சாட்சரத்தின் வயலில் தவளை குதிக்கிறது. பால் பிடிக்கும்போது தண்ணீர் இல்லையென்றால் நெல் அத்தனையும் பதர். பதரைக் கையில் வைத்துக்கொண்டு பங்கை எழுதிக் கொடுக்காமல் என்ன செய்ய முடியும்?

முதலில் அவள் டைம்பீஸைச் சந்தேகப்பட்டாள். பஞ்சாட்சரம் வீட்டு டைம்பீஸ்தான் கொட்டகை மாடத்தில் இருந்தது. சாவி கொடுக்கிற கை முள்ளையும் தள்ளாதா? மூன்று நாள் பெருநகர் பஸ்ஸை வைத்துச் சரிபார்த்தாள். பஸ் பன்னிரண்டுக்கு வரும்போது முள்ளும் பன்னிரண்டில்தான் நின்றது. அப்புறம் கால்வாயைச் சந்தேகப்பட்டாள். நண்டு வளை, எலி வளை ஒன்றுவிடாமல் மிதித்து அடைத்தாள். அப்போதும் தண்ணீர் கூடவில்லை. இனி மிச்சம் இருப்பவன் ஏசுதாஸ் ஒருவன்தான். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் எஞ்சினில் ஒரு திருகு இருக்கிறது, அதில் எப்போதும் அவன் கைதான் இருக்கிறது. பெரியவர் வீட்டிலிருந்து அவனுக்கு மரக்கால் நெல் போகிறது என்று அவளே களத்துமேட்டில் நாலு பேரிடம் சொல்லியிருந்தாள். பார்த்தாளா என்று கேட்டால், பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் என்ன, போகாமலா இருக்கும்?

அதனால்தான் சாலைத் தூக்கினாள். காலையில் பஞ்சாட்சரத்தின் முறை தொடங்கி ஏசுதாஸ் வெற்றிலை போட அந்தப் பக்கம் போயிருந்தபோது, சாலைக் கழுவுகிற சாக்கில் குழாய் வாயில் பிடித்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். இருபத்தைந்தில் சால் நிரம்பி வழிந்தது. இப்போது தன்னுடைய முறையில், அதே குழாய், அதே சால், அதே வாயால் எண்ணினாள். நாற்பது. எங்கேயாவது எண்ணிக்கை தவறியிருக்கும் என்று கொட்டிவிட்டு மறுபடியும் எண்ணினாள். நாற்பத்தொன்று.

"அடப்பாவி!" என்று கத்தினாள். எஞ்சின் போட்ட சத்தத்தில் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "எம் பச்சப் பயிருல மண்ணப் போட்றியே, நீ நல்லாருப்பியா? காலைல இருவத்தஞ்சி, இப்ப நாப்பது. இன்னாத்துக்கு? எந்தக் கையால திருகுன?"

ஏசுதாஸுக்கு நாற்பது வயது இருக்கும். எண்ணெய்க் கறை படிந்த துண்டைத் தோளிலிருந்து எடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். களத்துமேட்டுப் பேச்சு அவன் காதுக்கும் போயிருக்க வேண்டும், முகம் அப்படி இருந்தது. எஞ்சினை விட்டு நாலு எட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

"வாம்மா. நீயே வந்து திருகப் புடி. முழுசும் தொறந்து கீதான்னு பாரு. நான் அண்டவே இல்ல. சாலப் புடிச்சி நா எண்ணட்டுமா, இல்ல அதுவும் நம்பிக்க இல்லையா? ஐயாவ வுட்டு எண்ணச் சொல்லு."

ஐயா என்றது வேதாசலத்தை. அவர் தயங்கித் தயங்கி வந்து சாலைப் பிடித்தார். சொக்கம்மாள் திருகைப் பிடித்து, இனிமேல் ஒரு மயிரிழைகூடப் போகாது என்கிற வரைக்கும் திருப்பினாள். வேதாசலம் பள்ளிக்கூடப் பிள்ளைபோல உரக்க எண்ணினார். நாற்பது. சொக்கம்மாள் திருகிலிருந்து கையை எடுத்தாள். யாரும் திருடவில்லை என்றால் தண்ணீர் எங்கே போகிறது? திருடன் ஒருவன் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலாமே என்றிருந்தது அவளுக்கு.

ஏசுதாஸ் அவளைக் கிணற்று விளிம்புக்குக் கூப்பிட்டான். "கீய பாரும்மா. காலைல ஆறாவது படிவரைக்கும் தண்ணி இருந்திச்சி. இப்ப பாரு, பதிமூணாவது படியும் காஞ்சி கீது. நா இருவது வருசம் இங்க மாடு ஓட்டினவன். சாலு ஆழத்தப் பாக்காது. தண்ணி மேல கீதோ கீய கீதோ, ரொம்பித்தான் வரும். மாடு கூட நாலு எட்டு நடக்கும், அவ்ளோதான். இஞ்சினு அப்டி இல்ல. ஆழம் போவப் போவ அதுக்கு மூச்சு வாங்கும். அதே ரெண்டு மணி நேரம்தான், ஆனா தண்ணி அதே தண்ணி இல்ல. மொத முறைக்காரருக்கு ரொம்பி வரும், கடைசி முறைக்காரருக்குக் கொறஞ்சி வரும். மணிய அளந்தீங்க, தண்ணிய யாரு அளந்தீங்க?"

சொக்கம்மாள் கிணற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எத்தனை வருஷமாக இந்தக் கிணற்றைப் பார்க்கிறாள்! கவலை ஓட்டிய காலத்திலும் மத்தியானம் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். நூறு சால் என்றால் நூறு சால் வந்துவிடும், அதனால் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. ஊரில் எல்லோருடைய கையையும் பார்த்தவள், கிணற்றைப் பார்க்காமல் விட்டோமே என்று அவமானமாக இருந்தது.

"இதுக்கு வயியே இல்லையா?"

"ஏன் இல்ல? இஞ்சினே ஓடட்டும். அளவு மட்டும் பழைய அளவா வெச்சிக்குங்க. முறைக்கு நாலு தரம் இந்தச் சாலக் கொயாயில புடிச்சிப் பாக்கறது. எம்மாம் நேரம் ஆவுதோ அதுக்குத் தக்கனா ஓட்டற நேரத்தக் கூட்டிக்கிறது. பெரியவரு முறைல கொஞ்சம் கொறையும், உங்க முறைல கூடும். மூணு பேருக்கும் பங்கு நேராயிடும். எண்ணிப் பாத்து நா சொல்றேன்." அவன் குரல் தணிந்தது. "ஆனா நா போயி சொன்னா எடுபடாதும்மா. உங்ககிட்ட இன்னும் ரெண்டு மரக்கா வாங்கிக்கினு பேசறான்னுதான் சொல்லுவாங்க. நீதான் பெரியவருகிட்டயும் முனியம்மாகிட்டயும் சொல்லணும். எம்மேல கீற பேச்சும் அத்தோட போவும். எம் பொண்ணு காதுல வியுது அந்தப் பேச்சு."

"சொல்றேன்" என்றாள் சொக்கம்மாள். மெய்யாலுமே சொல்லத்தான் நினைத்தாள்.

சாயங்காலம் பஞ்சாட்சரம் களத்தில் வைக்கோல் போர் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறடி ஆள், அதிர்ந்து பேச மாட்டார். சொக்கம்மாள் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கிணற்றுப் படிக் கணக்கிலிருந்து சால் கணக்குவரை ஒரே மூச்சில் சொன்னாள். அவர் ஆச்சரியப்படுவார், இல்லை கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதைக் கண்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷனுக்கு இது முன்னமே தெரியும்! தெரிந்துதான் தன் முறையை விடியற்காலையில் போட்டுக்கொண்டாரா? எஞ்சினை விற்றவன் சொல்லியிருப்பானோ?

"மாமா, ஒங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியுது தெரியல, அத வுடு. கெணத்துல கீறது அவ்ளோதான். அவன் சொல்றாப்புல நேரத்தக் கூட்டி ஓட்டினா, ஒரு வாரத்துல மூணு பேரும் அடிச்சேத்தத்தான் இறைக்கணும்." போர் மேல் நின்ற ஆளை இன்னும் மிதிக்கச் சொல்லிக் கைகாட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "ஒனக்குப் பால் புடிக்கிற நேரம். இன்னும் இருவது நாள் தண்ணி வோணும், அவ்ளோதானே? நாளையிலேர்ந்து ரெண்டாவது முறை நீ எடுத்துக்க. கடைசி முறை முனியம்மா எடுத்துக்கட்டும். அவகிட்ட நா சொல்லிக்கிறேன். மத்தியானத்துல வூட்டு வேல முடிச்சிட்டு வர்றதுக்குத் தோதா இருக்கும்னு சொன்னா கேட்டுக்குவா. நீ ஒண்ணும் வாயத் தொறக்க வோணாம்."

"அவ எனக்குப் பின்னாடிதான் நட்டா மாமா. அவளுக்கும் இனிமேத்தான் பால் புடிக்கும்."

"அவ இன்னா சாலக் கட்டி இய்த்துக்கினு வந்து அளக்கப் போறாளா?"

சொக்கம்மாள் நின்ற இடத்தில் நின்றாள். முடியாது, சால் கணக்குதான் வேண்டும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கடைசி மூன்று பாத்தி கண்ணில் வந்து நின்றது. பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு, வருஷா வருஷம் இந்த ஆள் அளக்கிற நெல்லுக்கு முறத்தை ஏந்திக்கொண்டு நிற்கிற வேதாசலம் கண்ணில் வந்து நின்றார். இருபது நாள்தானே. இருபது நாள் கழித்து முனியம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒரு பேச்சைச் சந்தேகப்படாமல் நம்பினாள். சரி என்று சொல்லவும் இல்லை, முடியாது என்று சொல்லவும் இல்லை. வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு அவள் வாய்க்காலில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் கடைமடைப் பாத்தி நனைந்தது. ஆறாம் நாள் ஒரு கதிரைக் கிள்ளி நெல்லை நகத்தால் நசுக்கினாள், பால் பிதுங்கி வந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வேதாசலம், "நாதான் சொன்னேனே, அண்ணன் நல்லவரு" என்றார். ஏசுதாஸை மட்டும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. முறை மாற வருகிறபோதெல்லாம் அவன், "சொல்ட்டியாம்மா?" என்று கண்ணாலேயே கேட்பான். அவள் மடை திருப்புகிற சாக்கில் குனிந்துகொள்வாள். சால் கணக்கு வரவில்லை என்பது அவனுக்கும் தெரியாமலா இருக்கும்? ஆனால் கேட்க அவனுக்கு வாய் ஏது?

பத்தாம் நாள் தன் முறை முடிந்து சொக்கம்மாள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது முனியம்மாள் வந்தாள். சின்ன உருவம், வயது முப்பதுகூட ஆகாது. கையில் ஒரு நெற்கதிர் வைத்திருந்தாள். நுனி வெளுத்து, நிமிர்ந்தே நின்றது அந்தக் கதிர்.

"யக்கா, இத்தப் பாரேன். பாதி வயலு இப்டித்தான் கீது. ரெண்டு மணி நேரமும் நிக்கிறேன், உச்சந்தல காயுது. தண்ணி பாதி தூரம் போயி நின்னுபோவுது. மின்ன வந்த மாதிரி வர்ல." மூக்கை உறிஞ்சினாள். "இந்தப் போகம் போச்சின்னா பங்க எய்திக் குடுத்துட்டு மெட்ராசுக்கு வந்துடுன்னு அவரு காயிதம் போட்டுட்டாரு. பெரியவருகிட்ட கேட்டா, கால்வாய ஒயுங்கா செதுக்கலன்றாரு. எனக்கு இன்னா தெரியும்? ஊர்லயே ஏமாறாத பொம்பள நீ ஒருத்திதான். ஒனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது. இன்னா சேதி, நீயே சொல்லுக்கா."

எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் ஏசுதாஸ் நிமிர்ந்து நின்று இவர்கள் இரண்டு பேரையும் பார்த்தான். இத்தனை தூரத்தில், அந்தச் சத்தத்தில், பேச்சு ஒன்றும் அவன் காதில் விழாது. சொக்கம்மாள் மண்வெட்டியை மறுபடியும் தண்ணீரில் முக்கினாள். ஒரே ஒரு வார்த்தை போதும், கிணற்றை எட்டிப் பாருடி என்றால் போதும். அடுத்த நிமிஷமே இவள் பெரியவரிடம் ஓடுவாள், முறை மறுபடி மாறும், இல்லாவிட்டால் பஞ்சாயத்து கூடும். இன்னும் பத்து நாள். பத்தே பத்து நாள் தண்ணீர் போதும், நெல் முற்றிவிடும்.

"இன்னா யக்கா யோசன பண்ற?"

"யோசன இன்னா," என்றாள் சொக்கம்மாள். கொட்டகைப் பக்கம் முகவாயைத் திருப்பிக் காட்டினாள். "வேகத்துக்கு அதுல ஒரு திருகு கீது. அவன் கைமேல ஒரு கண்ணு வெச்சிக்க."

முனியம்மாள் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எல்லாம் விளங்கிவிட்டாற்போல மெல்லத் தலையை ஆட்டினாள். "நெனச்சேன்" என்றாள்.

சொக்கம்மாள் கொட்டகைப் பக்கம் காட்டியதையும் முனியம்மாள் தலையாட்டியதையும் ஏசுதாஸ் பார்த்தான். கடைசியில் சொல்லிவிட்டாள் என்று நினைத்திருப்பான். முகமெல்லாம் தெளிந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, முனியம்மாளைக் கிணற்றுப் பக்கம் வரச் சொல்லிக் கை அசைத்தான். வா, வந்து பார் என்று உள்ளே விரலை நீட்டிக் காட்டினான். முனியம்மாள் அந்தப் பக்கம் போகவில்லை. நேராகக் கொட்டகைக்குள் நுழைந்து, எஞ்சினுக்கு எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவன் கையைப் பார்த்தாள்.

அவன் திரும்பி வந்து நின்றான். ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தான், வரப்பில் நின்ற சொக்கம்மாளைப் பார்த்தான். சொக்கம்மாள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டாள், ஆனால் கால் நகரவில்லை. அவன் திருகின்மேல் கையை வைத்தான். முனியம்மாளின் கண் கூடவே போயிற்று. சுட்டதுபோல எடுத்துவிட்டான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் துண்டைப் பிடித்தான், விட்டான், இடுப்பில் வைத்தான். எஞ்சின் அதன்பாட்டுக்கு ஓடியது, குழாயில் தண்ணீர் மெலிந்து விழுந்தது. கடைசியில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றான்.

முனியம்மாள் எழுந்து, அந்தக் கைகள் தெரிகிற பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.